முப்பத்திரண்டு முனைகள்

வைண்டிங்காரருக்கு நின்றுகொண்டே கனவு காணும் பழக்கம் உண்டு. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துப் புதுக் கம்பி சுற்றும்போது கை தன் பாட்டுக்குச் சுற்றும். மனசு கடல் தாண்டிப் போயிருக்கும். "எத்தனை சுத்து ஆச்சுண்ணே?" என்று பட்டறையில் யாராவது கேட்டால் மட்டும் சரியாகச் சொல்லிவிடுவார். அது எப்படி என்று இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை.

அவருக்குக் கோபம் வருவது ஒரே விஷயத்துக்கு. வைண்டிங் கம்பி பார்க்க வெறும் செம்பு மாதிரிதான் மினுங்கும். ஆனால் மேலே மெல்லிய வார்னிஷ் பூசியிருக்கும். முனையைச் சுரண்டாமல் முடுக்கினால் கரண்ட் ஒரு பொட்டு போகாது. சுரண்ட மறந்தவனை மனிதர் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அன்று சாப்பிட உட்கார்ந்தாலும் அதே புலம்பல்தான். அவர் மனைவி, தையல்காரம்மா, இருபத்தாறு வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவர்.

அதே இருபத்தாறு வருஷமாக வைண்டிங்காரருக்கு ஒரு சிநேகிதர் உண்டு. தூரத்துத் தீவொன்றில் கடல் ஏறி இறங்குவதை அளந்து எழுதுகிறவர். இருவரும் முகம் பார்த்ததில்லை. தினமும் சூரியன் எழும் நேரத்தில் ஹாம் ரேடியோவில், நீட்டலும் குறுக்கலுமாகத் தந்தி விசையைத் தட்டிப் பேசிக்கொள்வார்கள். தீவுக்காரருக்குக் காது மந்தம். தீவில் போனும் கிடையாது; இருந்தாலும் பேச்சு புரியாது. விசையைத் தட்டும்போது எழும் இந்தச் சீழ்க்கைச் சத்தம் மட்டும் எப்படியோ உள்ளே போய்விடும். தட்டுகிற தட்டிலேயே ஆளை அடையாளம் கண்டுபிடித்துவிடுவார். கையெழுத்து மாதிரிதான் அதுவும், ஆளுக்கு ஆள் வேறு.

நாலு மாதத்துக்கு முன் வீடு மாறினார்கள். புது முற்றத்தில் ஏரியல் கம்பத்தை நட்டதும் தீவுக்காரரின் சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து வருவது போலக் கேட்டது. வைண்டிங்காரர் பதில் தட்டினார். அது அங்கே போய்ச் சேரவில்லை. கம்பத்துக்குக் கேட்கத் தெரிந்தது, பேசத்தான் தெரியவில்லை. பேச வேண்டுமென்றால் அதன் அடியில் நாலாபக்கமும் முப்பத்திரண்டு செம்புக் கம்பி பரவியிருக்க வேண்டும். பழைய வீட்டு மண்ணுக்குள் அது இருந்தது. இங்கே இருந்ததெல்லாம் கட்டடக் குப்பையும் மணலும்தான்; அதன்மேல் புல் வளர்க்கப் பாடுபட்ட தையல்காரம்மா மண்வெட்டியைத் தொடவே விடவில்லை.

கடிதம் போட்டார். தீவுக்குக் கப்பல் போவதே எப்போதோ ஒருமுறை. விடியற்காலை தோறும் அங்கிருந்து கூப்பாடு மட்டும் வந்தது: "இருக்கிறாயா? இருக்கிறாயா?" இவர் இங்கே, "இருக்கேன்யா, இருக்கேன்" என்று விரல் வலிக்கத் தட்டுவார். உயிரோடு இருந்துகொண்டே செத்தவனாய்க் கிடப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு வியாழக்கிழமை தீவுக்காரர் தட்டினார்: "ஞாயிறு வரை கூப்பிடுவேன். பிறகு ரேடியோப் பெட்டியை மூடிவிடுவேன். இந்த மௌனம் தாங்கவில்லை."

வைண்டிங்காரர் மண்வெட்டியோடு முற்றத்தில் இறங்கினார்.

"அங்கயே நில்லுங்க," என்றார் தையல்காரம்மா. "இப்பதான் புல்லு பிடிச்சிருக்கு. முப்பத்திரண்டு வாய்க்கால் வெட்டப் போறீங்களா?"

"வேற வழி இல்லம்மா. ஞாயித்துக்கிழமையோட அவன் கடையைக் கட்டிடுவான்."

அந்த அம்மாவுக்கு நாக்கு கொஞ்சம் நீளம், மனசு ரொம்பப் பெரிசு. பிறகு உள்ளே போய்த் தையல் நூலைக் கொண்டுவந்து, கம்பத்திலிருந்து சுவர் வரைக்கும் இழுத்துப் பிடித்தார். "தோண்டாதீங்க. பாக்கெட்டுக்கு வாய் வெட்டற மாதிரி நேரா ஒரு கீறல் போடுங்க. கம்பியை உள்ள சொருகிட்டு மிதிச்சி மூடிடலாம்."

அப்படியே செய்தார்கள். அவர் மண்வெட்டி முனையால் கீறிக்கொண்டே போக, அந்த அம்மா பின்னாலேயே குந்திக் கம்பியைப் பலகைத் துண்டால் அழுத்தி, புல்லை இரு பக்கமும் சேர்த்து மிதித்தார். வெள்ளி, சனி இரண்டு நாளும் இதே வேலை. வண்டிச் சக்கரத்து ஆரக்கால் போல, பட்டறையிலிருந்து கொண்டுவந்த முப்பத்திரண்டு வைண்டிங் கம்பிகள் மண்ணுக்குள் மறைந்தன. முற்றம் ஒன்றுமே நடக்காதது போல இருந்தது. சனிக்கிழமை மாலை, கம்பத்தடிப் பித்தளைத் தட்டில் கம்பி முனைகளை ஒவ்வொன்றாகத் திருகாணி போட்டு முடுக்கும்போது வைண்டிங்காரர் இந்த உலகத்தில் இல்லை. புல்லுக்கடியில் கம்பிகள் மெல்ல வளர்ந்து, சுவர் தாண்டி, தெரு தாண்டி, ஈர மணலில் நீண்டு கடலுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை தன் பாட்டுக்கு முடுக்கியது.

ஞாயிறு விடிந்தது. வானம் சாம்பல் நிறத்தில் இருந்தது. தீவுக்காரர் கூப்பிட்டார். இவர் தட்டினார். "இருக்கிறாயா?" என்றுதான் மறுபடி வந்தது. மூன்று தடவை அப்படியே. வைண்டிங்காரர் முற்றத்துக்கு வந்து கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை.

தையல்காரம்மா டீ டம்ளரோடு வந்தார். குனிந்து பித்தளைத் தட்டைப் பார்த்தார். முனை ஒன்றை நகத்தால் நெருடினார்.

"ஏங்க, சுரண்டினீங்களா?"

வைண்டிங்காரர் குனிந்து அதே முனையைத் தன் நகத்தால் கீறிப் பார்த்தார்; வார்னிஷ் அப்படியே இருந்தது.

"இருபத்தாறு வருஷமா என் உசிரை வாங்கினீங்களே, இந்த ஒரு வார்த்தைக்கு!"

சிரிக்கவும் நேரமில்லை. சூரியன் மேலே வந்துவிட்டால் தீவுக்கு ரேடியோ அலை போகும் பாதை அடைபட்டுவிடும். அவர் பட்டறைக் கத்தியை எடுத்தார். அந்த அம்மா தையல் பிரிக்கும் பிளேடை எடுத்தார். பனி நனைத்த புல்லில் எதிரெதிரே மண்டியிட்டு, கழற்றி, சுரண்டி, முடுக்கினார்கள். திறந்த ஜன்னல் வழியாகச் சீழ்க்கை வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் அதன் இடைவெளி நீண்டது. செம்பு ஒவ்வொரு முனையிலும் புதுசாய்ச் சிவந்தது. கடைசித் திருகாணி இறுகும்போது சுவர் உச்சியில் வெயில் பட்டிருந்தது.

அவர் ஓடிப்போய் விசையைத் தொட்டார். தன் ரேடியோப் பெயரான அழைப்புக்குறியை மட்டும் தட்டினார். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. நீட்டலெல்லாம் உடைந்து குறுகிப் போயிற்று.

பெட்டி இரைந்துகொண்டே இருந்தது. பிறகு, மெதுவாக, பதில் வந்தது.

"என்னங்க சொல்றாரு?" மண் படிந்த கையோடு அந்த அம்மா வாசலில் நின்றார்.

"உன் கை நடுங்குது, ஆனா நீதான்னு சொல்றான்."

"பின்ன நடுங்காதா? இந்தக் குளிர்ல முப்பத்திரண்டு முனை சுரண்டியிருக்குன்னு சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பதினாறு நான் சுரண்டினது. அதையும் சேர்த்துச் சொல்லுங்க."