தட்டிப் பார்த்த மாதம்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. பொங்கல் கழிந்த வாரத்தில், தம்பிக்குப் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. பிரஷ்ஷை மாற்றினோம்.

2. முழங்காலுக்குக் கீழே நீலத் தடங்கள் தோன்றின. பெட்டி தூக்கும்போது இடித்திருக்கும் என்றோம்.

3. முகம் வெளுத்தது. யாரும் கவனிக்கவில்லை.

4. மாடியில் துணி காயப்போடப் போனவன் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

5. ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். லேப்பிலிருந்து போன் செய்து, இன்னொரு முறை ரத்தம் எடுக்க வேண்டும் என்றார்கள்.

6. அன்றைக்கே புதுச்சேரிக்குப் போனோம்.

7. அங்கே ஒரு மாதச் சிகிச்சை தொடங்கியது. அதே மாதம் நான் கவிதை எழுதத் தொடங்கினேன்.

8. இரண்டும் முடியவில்லை.

இதில் மூன்றாவதற்கு மட்டும் விளக்கம் தேவை.

எங்கள் ஊர் விருத்தாசலம். செராமிக் டெக்னாலஜியில் டிப்ளமோ முடித்துவிட்டு, மின்கம்பங்களில் பொருத்தும் பீங்கான் இன்சுலேட்டர் செய்கிற சிறிய யூனிட் ஒன்றில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். அம்மா இன்னொரு யூனிட்டில் பொம்மைகளுக்கு ஃபினிஷிங் செய்கிறார் (அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் பிசிறை ஈரப் பஞ்சால் துடைக்கும் வேலை). தம்பி சதீஷ் பி.ஏ. தமிழ் கடைசி வருடம். லீவு நாட்களில் அம்மாவோடு போய்ப் பெட்டி அடுக்குவான். அப்பா பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறார். வெட்டு சீசனில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார்.

நாங்கள் மூன்று பேரும் வேலை விட்டு வரும்போது காய்ந்த களிமண் தூசியில் வெள்ளையாகத்தான் இருப்போம். புருவம், காதுமடல், கழுத்து மடிப்பு எல்லாம் வெள்ளை. எங்கள் தெருவில் வெளுத்த முகம் என்றால் வேலைக்குப் போய்விட்டு வந்த முகம். வேறு அர்த்தம் கிடையாது.

"மூஞ்ச கழுவிட்டு வாடா. மாவுல பொரண்ட மாதிரி நிக்கற" என்பார் அம்மா.

"கழுவிட்டுதாம்மா வந்தேன்."

"எங்க கழுவன? அப்படியே இருக்குது. சோப்பு போட்டுக் கழுவு, போ."

அவன் போய்க் கழுவிவிட்டு வருவான். அப்படியேதான் இருக்கும். அம்மா துண்டை நனைத்துத் தானே தேய்ப்பார். "இதுக்கு மேல தேச்சா மூஞ்சியே இருக்காதும்மா" என்று அவன் நெளிவான். நாங்கள் சிரிப்போம். பல வாரம் இப்படித்தான் போனது.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் சிமென்ட், சுண்ணாம்பு, மாவு மில் என்று தூசியில் வேலை பார்ப்பவர்கள் இருக்கலாம். முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கீழிமையை இழுத்துப் பாருங்கள். உள்ளே சிவந்திருக்க வேண்டும். எந்தத் தூசியும் அங்கே போய் ஒட்டுவதில்லை.

புதுச்சேரி மருத்துவமனையில் எங்களைப் பார்த்த டாக்டர் என்னைவிடச் சில வயதே மூத்தவராக இருப்பார். அக்யூட் லுகேமியா என்றார் (எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளணுக்கள் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடும் ரத்தப் புற்றுநோய்). முதல் மாதம் இண்டக்‌ஷன் (நோயணுக்களை அடக்குவதற்கான தீவிரமான முதற்கட்டச் சிகிச்சை). மாதக் கடைசியில் மறுபடி மஜ்ஜையை எடுத்துப் பார்த்தால்தான் அடங்கியதா என்று தெரியும்.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "களிமண்ணால வந்துதா டாக்டரு?"

"இல்லம்மா. மண்ணால வர்றதில்ல இது. நீங்க யாரும் எதுவும் பண்ணல."

"அப்பறம் எதனால?"

"நிறைய பேருக்கு எதனாலன்னே தெரியாதும்மா."

அம்மா தலையசைத்தார். வெளியே வந்ததும் தன் கைகளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் மண் இருந்தது. குழாயடிக்குப் போய் வெகுநேரம் கை கழுவினார்.

சதீஷ் அந்த மாதத்துக்காகவே காத்திருந்தவன். அவன் இருந்த ஒரு வாட்ஸப் குழுவில், மாதம் முழுக்க நாளுக்கு ஒரு சொல் கொடுப்பார்கள். அந்தச் சொல்லை வைத்து அன்றைக்கே ஒரு கவிதை எழுத வேண்டும். ஆனால் மருந்து தொடங்கியபோதே அவனுக்கு வலது கண் மங்கியது. பிளேட்லெட் (ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள்) குறைந்ததால் விழித்திரையில் ரத்தம் கசிந்திருந்தது. போனைப் பார்க்கக் கூடாது என்றுவிட்டார்கள்.

"க்கா, நீ எழுது."

"எனக்கு ரிப்போர்ட்டுதான் எழுதத் தெரியும்."

"அதையே எழுது. நான் செக் பண்றேன்."

"குழுவுல இன்னிக்கு என்னா சொல்லு, பாக்கட்டா?"

"நிலா, மழைன்னு இருக்கும். அதெல்லாம் நமக்கு வேணாம். சொல்லு நான் தரேன். இந்த ரூம்புல இருக்கறதா இருக்கணும், இல்ல நம்ம வூட்டுல இருக்கறதா இருக்கணும்."

முதல் சொல் "ஸ்டாண்டு". மருந்துப் பை தொங்கும் ஸ்டாண்டுதான். நான் எழுதியது:

சக்கரம் நான்கு.
கொக்கி இரண்டு.
பை ஒன்று, சிவப்பு.
குழாய் ஒன்று, நீளம்.
முனையில் ஒருவன்.

வாசித்துக் காட்டினேன். "இது கவிதையா, ஸ்டாக் லிஸ்ட்டா?" என்றான். பிறகு கட்டிலின் இரும்புக் கம்பியை விரல் முட்டியால் தட்டினான்.

எங்கள் யூனிட்டில் சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு பொருளையும் நான் இப்படித்தான் தட்டிப் பார்ப்பேன். நல்ல பொருள் மணி போலக் கணீரென்று ஒலிக்கும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் சத்தம் அமுங்கிவிடும். சதீஷ் அந்த இரண்டு சத்தத்தையும் வாயாலேயே போடுவான்.

"டொக், டொக், டொக், டொக்" என்றான் வரிக்கு ஒன்றாக. கடைசி வரிக்கு மட்டும் கொஞ்சம் நிறுத்தி, "டிங்" என்றான்.

அப்புறம் தினமும் காலையில் ரத்தம் எடுத்து முடிந்ததும் ஒரு சொல் தருவான். அம்மா இட்லி ஊட்டிவிடும் நேரத்தில் நான் வராந்தாவில் எழுதுவேன். அவன் தந்த சொற்கள்: பழுப்பேறிய இட்லித் துணி, கையில் தேய்க்கும் கிருமிநாசினி, வாயைத் துடைக்கும் பஞ்சு, எதிர்க்கட்டில்காரரின் குறட்டை. நர்ஸுக்கும் ஒரு சொல் கொடுத்தான்: ஊசி. "போட்டதுக்கப்பறம் வலிக்கலன்னு சொல்லு தம்பி. அதான் என் கவித" என்றார் அவர். அதற்கு உடனே டிங் கிடைத்தது. எனக்கு அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை.

பிளேட்லெட் கொடுக்க எங்கள் யூனிட்டிலிருந்து ஆட்கள் இரண்டிரண்டு பேராகப் பஸ் பிடித்து வந்தார்கள். சூளை பார்க்கும் அண்ணன் ஒருவர் வேலையிலிருந்து அப்படியே வந்துவிட்டார். வாசலிலேயே முகம் கழுவச் சொன்னோம். கழுவியதும் அவர் முகம் கறுத்து, பளபளவென்று வந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுவினால் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்த நாள் அது.

அடுத்து அவன் கொடுத்த சொல் "முடி".

தலையணையில் உன் முடியை
ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.
நீ தூங்குவதுபோல் இருந்தாய்.
நான் தலையணையைத் தட்டுவதுபோல் இருந்தேன்.

அவன் கம்பியைத் தட்டவில்லை. "நான் முழிச்சிருந்தது உனக்குத் தெரியுமா?" என்றான்.

"தெரியும்."

"கேடி."

கொஞ்ச நேரம் கழித்து, மிக மெதுவாக, "டிங்" என்றான்.

மாதத்தின் நடுவில் நான் டாக்டரிடம் கேட்டேன், மஜ்ஜையை இப்போதே ஒருமுறை பார்த்துவிட முடியாதா என்று. "பாக்கலாம். ஆனா இப்ப எது தெரிஞ்சாலும் அது முடிவு இல்ல" என்றார். சதீஷ் சிரித்தான். "க்கா, சூளை எரியும்போது கதவத் தொறக்காத. உனக்கு யாரு டிப்ளமோ குடுத்தாங்க?"

மூன்றாம் வாரத்தில் ஒரு காலை அவனுக்குக் குளிர் எடுத்தது. பிறகு காய்ச்சல். நியூட்ரோபீனியா (தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துவிட்ட நிலை) இருக்கும்போது வரும் காய்ச்சலை ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அவர்கள் தள்ளிப்போடவில்லை. ஆன்டிபயாடிக் உடனே ஏறியது. எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஒழுங்காக நடந்தும் போகிற உயிர் உண்டு என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு நாளாயிற்று.

ஐ.சி.யு.வுக்கு மாற்றப் போவதாகச் சொன்னபோது, இன்றைக்குச் சொல் தரவில்லை என்று அவனாகவே நினைவுபடுத்தினான். அம்மா கீழே மருந்து வாங்கப் போயிருந்தார்.

"மூஞ்சி கழுவறது" என்றான்.

நான் சொல்லைக் குறித்துக்கொண்டேன்.

"அம்மாவ வச்சி எழுது. அது மனசுலயே வச்சிட்டு இருக்குது. படிச்சா சிரிக்கணும். சிரிச்சா டிங். அழுதா டொக்."

"நீ செக் பண்ண மாட்டியா?"

"இத அம்மா செக் பண்ணட்டும்."

ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். எந்த வரியை எழுதினாலும் அது அம்மாவைக் குற்றம் சொல்வதுபோலவே திரும்பியது. எல்லாவற்றையும் அழித்தேன்.

மறுநாள் என்னை உள்ளே விட்டார்கள். செப்சிஸ் (தொற்று ரத்தத்தில் பரவி உறுப்புகளைத் தாக்கும் நிலை) என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். சதீஷ் விரலை மடக்கி, கட்டில் கம்பியை ஒருமுறை தட்டினான்.

"இன்னும் எழுதல" என்றேன்.

மறுபடி தட்டினான். சத்தமே வரவில்லை. அவனுக்குத் தட்டத் தெம்பில்லை.

அதற்கடுத்த நாள் முற்பகலில் அவன் இறந்துவிட்டான். அப்பா பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்.

வீட்டில் குளிப்பாட்டும்போது உறவுக்காரர்கள் தண்ணீர் ஊற்றினார்கள். முகத்தை மட்டும் நான் கழுவுகிறேன் என்றார் அம்மா. துண்டை நனைத்தார். தேய்க்கவில்லை. ஒற்றி ஒற்றி எடுத்தார்.

எங்கள் எதிர்க்கட்டிலில் இருந்த ஸ்ரீமுஷ்ணத்துக்காரருக்கு அதே நோய், அதே சிகிச்சை. மாதக் கடைசிப் பரிசோதனையில் நோயணுக்கள் அடங்கியிருந்தன. இப்போது அடுத்த கட்டத்தில் இருக்கிறார். அவ்வப்போது போன் செய்வார். இதை வேண்டுமென்றே இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த மாதம் தொடங்கியிருந்தால், எங்களுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படி நடக்காமல் வீடு திரும்பியவர்களையும் நான் பார்த்தேன்.

அந்தக் கடைசிக் கவிதை வெயில் காலம் வந்த பிறகுதான் எழுத வந்தது. சாப்பிட்டு முடித்த ஒரு மத்தியானம் அம்மாவிடம் வாசித்தேன்.

கழுவிட்டு வா என்றாள்.
சோப்பு போட்டுக் கழுவி வந்தான்.
போகலை என்றாள்.
மறுபடி போனான்.
தொட்டித் தண்ணீர் தீர்ந்தது.
வெள்ளை தீரவில்லை.
இதற்கு மேல் தேய்த்தால்
முகமே இருக்காது என்றான்.
தேய்த்த கையில்தான்
இப்போது இருக்கிறது
அந்த முகம்.

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன்.

"அவன் எங்கடி சோப்பு போட்டான்?" என்றார். "பொறந்ததுலேருந்து மூஞ்சிக்கு சோப்பு தொட்டதில்ல. தண்ணியத் தெளிச்சிட்டு ஓடியாந்துடுவான். கழுவிட்டேன்னு பொய்யி வேற. அத எழுதாம வுட்டுட்ட பாரு."

சொல்லும்போது அவர் உதட்டோரம் ஒருமுறை அசைந்தது. அதைச் சிரிப்பு என்று நான் பதிவு செய்ய மாட்டேன். அழுகை என்றும் பதிவு செய்ய மாட்டேன்.

இப்போது யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் கீழிமைக்குப் போகிறது. யூனிட்டில் முகம் கழுவிவிட்டு வருபவர்களைக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்க்கிறேன். "என்னாம்மா, பொண்ணு பாக்கறாப்ல பாக்கற?" என்று சூளை அண்ணன் கேட்கிறார். முன்பெல்லாம் என் உடம்பை நான் நினைத்ததே கிடையாது; அது வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி போல இருந்தது. இப்போது பல் துலக்கித் துப்பும்போது, எச்சிலின் நிறம் பார்க்காமல் தண்ணீர் ஊற்ற முடிவதில்லை. மாதங்கள் வந்து போகின்றன. ஆனால் அந்த ஒரு மாதம் போகாமல் நிற்கிறது. மற்றவை அதைச் சுற்றிக்கொண்டு போகின்றன.

இன்றைய நிலை இது. அப்பா சீசன் முடிந்து வீட்டில் இருக்கிறார். அம்மா வேலைக்குப் போகிறார், நானும் போகிறேன். கவிதையில் சோப்பைத் திருத்திவிட்டேன். அடுத்த சொல் வரவில்லை.