தூசி மேல் போட்ட பழி

எஸ்.ஐ. தேர்வுக்காகச் சூலக்கரைப் பக்கம் ஒரு மைதானத்தில் ஓடிப் பழகிய நாட்களில்தான் அது ஆரம்பித்தது. வேகம் கூடியதும் தொண்டையை உள்ளிருந்து யாரோ பிடிப்பதுபோல் இருக்கும். மூச்சை இழுத்தால் கீச்சென்று சத்தம் வரும். கூட ஓடுகிறவள், "என்னடி, மூணு விசில் ஆச்சு, எறக்கிரட்டுமா?" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

ஊர் டாக்டர் ஆஸ்துமா என்று சொல்லி இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். வீட்டில் என்ன வேலை என்று கேட்டார். அம்மா பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிறாள் என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் யாருக்கு மூச்சுத் திணறினாலும் காரணம் அதுதான். அம்மாவின் கையோடு வரும் வெள்ளிப் பொடி சோப்புக்கும் போகாது. அதுதான் என் நெஞ்சில் இறங்கிவிட்டது என்று அவள் முடிவுகட்டினாள். மறுநாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை.

எனக்கு அது பெரிய நிம்மதி. நான் டிப்ளமோ படித்துவிட்டு அச்சகத்தில் மிஷின் பராமரிப்பு பார்க்கிறவள். அவள் மருந்து அடைக்கிற அறையில் எதிலிருந்தெல்லாம் பொறி கிளம்பும் என்று அம்மாவிடம் பல தடவை வரிசையாகச் சொல்லியிருக்கிறேன்: உராய்வு, நிலைமின்சாரம், வெயில், சீசன் அவசரம். கேட்டுக்கொண்டே சோறு போடுவாள். தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டாலே நான் போனை எடுத்து அவளைக் கூப்பிடுவேன். இப்போது அதற்கு அவசியம் இல்லாமல் போயிற்று. நான் எவ்வளவு பேசியும் நடக்காதது, மூச்சு முட்டியதும் நடந்துவிட்டது.

ஆனால் இன்ஹேலர் பலன் தரவில்லை. தூங்கும்போது ஒன்றுமில்லை, வீடு கூட்டும்போதும் ஒன்றுமில்லை, ஓடினால் மட்டும் வந்தது. நின்றால் சற்று நேரத்தில் தானே போய்விடும். இதையெல்லாம் மதுரையில் ஒரு தொண்டை டாக்டரிடம் சொன்னேன். அவர் மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை விட்டு, ஓடாத சைக்கிளில் என்னை உட்காரவைத்து மிதிக்கச் சொன்னார். அம்மா பக்கத்தில் நின்றாள்.

திரையில் என் குரல்வளை தெரிந்தது. மிதிக்க மிதிக்க, திறக்க வேண்டிய நேரத்தில் அது மூடியது. காற்றுக்காக நான் இழுக்க இழுக்க, இரண்டு பக்கத்துச் சதையும் உள்ளே சரிந்து ஒரு கீறல்தான் மிஞ்சியது. என் கழுத்தை நானே நெரிப்பதைக் கண்ணால் பார்த்தேன். கால்கள் நின்றுவிட்டன.

நுரையீரல் நன்றாக இருக்கிறது, ஆஸ்துமா இல்லை, மூச்சுப் பயிற்சியில் சரிசெய்யலாம், தேர்வுக்கு ஓடலாம் என்றார். அம்மா ஒன்றுதான் கேட்டாள். "அப்ப தூசியினால இல்லையா சார்?"

"இல்லம்மா."

விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அம்மா பட்டாசுக் கம்பெனி போர்மேனுக்குப் போன் போட்டாள். "அண்ணாச்சி, புள்ளைக்கு நெஞ்சுல ஒண்ணுமில்லையாம். டாக்டரே சொல்லிட்டாக. நாளைக்கு வாரேன்."

நான் போக வேண்டாம் என்றேன்.

"ஏன்? ஒன் தொண்டைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு இப்பத்தான சொன்னாக?"

உராய்வு என்று ஆரம்பித்தேன். அவள் பூக்காரியிடம் விலை கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்தப் பருத்திச் சேலையை எடுத்தாள், வேலைக்குக் கட்டுகிற சேலை. தூக்கிப் போட்டுவிட்டாள் என்று நினைத்திருந்தேன். துவைத்து மடித்து வைத்திருந்தாள். கம்பெனி வேன் வந்தது. வேன் படியில் நின்று, டாக்டர் சொன்னபடி மூச்சை மூக்கால் இழுக்கிறாயா என்று கேட்டாள். இழுத்துக் காட்டினேன்.