பன்னிரண்டாவது வண்டி

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் வைத்திருக்கும் பெயர் 'வேண்டாம்'. பழைய வண்டி வாங்கப்போகிறவர்கள் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் இரண்டு மணி நேரம் பார்ப்பார். பிறகு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுத் திரும்பி வருவார். இதைச் சொல்வதற்கு ஏன் அவ்வளவு தூரம் போகவேண்டும், வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடலாமே என்று ஒருநாள் கேட்டேன். "பாக்காம சொன்னா பொய்யாயிடும்" என்றார். அப்படிப்பட்ட மனிதர். அவரோடு இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். என் பொறுமையைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்கவேண்டாம்.

மற்ற நாட்களில் அவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைதான் இந்த வேலை. விற்கிறவர் பத்து மணிக்கு வரச் சொன்னால் எட்டரைக்கே போய் நிற்பார். போனதும் பானெட் மேல் உள்ளங்கையை வைப்பார். சுட்டால் முகம் மாறிவிடும். ஆள் வருவதற்குள் ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள், குளிர்ந்த இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும் என்பார். பிறகு ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பார்ப்பார். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுப்பார். அந்தப் பட்டையின் அடியில் சேறு காய்ந்திருந்தால் அந்த வண்டி வெள்ளத்தில் நின்றது. ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்ட மீட்டரைத் திருப்பி வைக்கிறவர்கள் பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்திருப்பதை மறந்துவிடுவார்களாம். அப்படி யாராவது மாட்டிக்கொண்ட ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் மனிதர் இரண்டு தட்டு அதிகமாகச் சாப்பிடுவார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தக் குறையையும் வாயால் மட்டும் சொல்லமாட்டார். வாங்கப்போகிறவரின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைப்பார். எண்ணெய் கசிந்தால் விரலில் எண்ணெய் ஒட்டும், தகடு துருப்பிடித்திருந்தால் துரு உதிரும். வெள்ளைச் சட்டை போட்ட பெரிய பெரிய ஆட்களெல்லாம் கறுத்த விரலோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அதனால்தான் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

எங்களுக்கு ஒரே பெண். நர்ஸ். போன மாதம் அவளுக்கு வேலைக்கான உத்தரவு வந்தது. ஆறு மணி நேரப் பயணத்தில், மலை மேலே, சுரங்கத் தொழிலாளர்களுக்கான மருத்துவ நிலையம். நான்கு குடியிருப்புகளுக்கு மண்பாதையில் போய்வரவேண்டும் என்பதால் சொந்தமாக உயரமான வண்டி இருக்கவேண்டும் என்று உத்தரவிலேயே எழுதியிருந்தார்கள். முதல் தேதி காலையில் வண்டியோடு போய் நிற்கவேண்டும். இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். படித்து முடித்து மூன்று வருஷமாக அவள் காத்திருந்த வேலை அது.

"அப்பா இருக்கறப்ப வண்டிக்கு என்ன கவலை?" என்றாள், பாவம்.

இவர் பதினொரு வண்டி பார்த்தார். பதினொன்றும் பழைய எஸ்யூவி. ஒன்று வெள்ளத்தில் நின்றது. ஒன்றின் முன்பாதி வேறு வண்டியுடையது. ஒன்றில் இவர் இன்ஜினை நிறுத்தியபிறகும் அது தன்பாட்டுக்குக் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது. என் பெண்ணின் பத்து விரலும் கறுப்பாகிவிட்டது. அவள் முகம் சுளிக்கவில்லை. பதினொன்றிலும் அவள் கையாலேயே தொட்டுப் பார்த்தாயிற்றே.

பன்னிரண்டாவது வண்டி ஓய்வுபெற்ற ஒரு மாட்டு டாக்டருடையது. பதினான்கு வருஷ வண்டி. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் போனோம். வழக்கம்போல எட்டரைக்கு. டாக்டர் பல் தேய்த்துக்கொண்டே கதவைத் திறந்தார். பானெட் ஜில்லென்று இருந்தது. அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, இவர் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்.

"வண்டில ஏழு குறை இருக்கு. வரிசையா எழுதி வெச்சிருக்கேன். சரி பாத்துக்கோங்க."

என் வீட்டுக்காரருக்கு இது புது அனுபவம். திருடனைப் பிடிக்கப் போன இடத்தில் அவனே வந்து சாமான்களை எண்ணிக் கொடுத்தால் போலீஸ்காரர் என்ன செய்வார்? தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். வண்டிக்கு அடியில் படுத்தார். கால்மிதியைத் தூக்கி மோந்து பார்த்தார். பக்கத்து மேட்டில் ஏற்றினார், இறக்கினார், நாலு சக்கரமும் இழுக்கிறதா என்று மணல் குவியலில் விட்டு எடுத்தார். இரண்டு மணி நேரத்தில் ஏழு குறை கிடைத்தது. அதே ஏழு. பின்கதவு இறுக்கம், இடப்பக்கக் கண்ணாடி, ஹீட்டர், இப்படியே சில்லறை விஷயங்கள்.

மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். என் பெண் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். முதல் தேதிக்கு இன்னும் ஐந்து நாள்தான்.

கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார். "கியர்பாக்ஸ் போச்சு. மலை ஏறாது. வேண்டாம்."

"இப்பத்தானே மேடு ஏறுச்சு?" என்றாள்.

"உனக்குத் தெரியாது."

அவ்வளவுதான். அவள் கையைப் பிடித்து எங்கேயும் வைக்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல்முறை. டாக்டர் தாளைத் திரும்ப வாங்கி, பேனாவை எடுத்து, 'எட்டு, கியர்பாக்ஸ்' என்று எழுதிக்கொண்டார்.

"நல்லவேளை சொன்னீங்க. தெரியாம யார் தலையிலயாவது கட்டியிருப்பேன்."

அன்றிலிருந்து என் பெண் அறைக்குள்ளேயே இருந்தாள். தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டு ஃபோன் செய்தாள். முடியாது என்றார்கள். புதிதாகத் தைத்த யூனிஃபார்மை மடித்து மறுபடியும் பைக்குள் வைத்தாள். இவர் வேலைக்குப் போனார், வந்தார், சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

புதன்கிழமை மாலை டாக்டரிடமிருந்து ஃபோன். ஸ்பீக்கரில் போட்டுத்தான் இவர் பேசுவார், காது அப்படி. "உங்களுக்கு நன்றி சொல்லணும்னு கூப்பிட்டேன். மலை ஏறாத வண்டிய யாருக்கு விக்கறது? பழைய வண்டி உடைக்கிற ஆளுக்குச் சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில வந்து இழுத்துட்டுப் போறாரு." இவர் "சரி" என்றார்.

வியாழக்கிழமை பணிமனைக்கு லீவு சொன்னார். "கெளம்புங்க ரெண்டு பேரும்" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. நான் கேள்வி கேட்காமல் கிளம்பியதே வீட்டில் பெரிய அதிசயம்.

நாங்கள் போனபோது உடைக்கிற ஆள் வண்டியின் முன்பக்கம் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தார். இவர் நேராகப் போய்ச் சங்கிலியைப் பிடித்தார்.

"எடுங்க இதை."

"நீங்கதானே போச்சுன்னீங்க?" என்றார் டாக்டர்.

"பொய் சொன்னேன் டாக்டர். கியர்பாக்ஸ் நல்லா இருக்கு. நீங்க எழுதினது ஏழும் சரி. அதுக்கு மேல இதுல ஒண்ணுமில்ல."

டாக்டர் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து எட்டாவது வரியை அடித்தார். உடைக்கிற ஆள், "அப்ப நான் போலாமா?" என்று கேட்டார். கொக்கியைக் கழற்றிக்கொண்டு அவரே போய்விட்டார்.

என் பெண் அப்பாவுக்கு எதிரே வந்து நின்றாள். "அப்ப அந்தப் பதினொண்ணு?"

"அதெல்லாம் நெசமாவே மோசம்மா. ஒண்ணுகூட உன்னைப் பாதி வழி கொண்டுபோயிருக்காது." பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். "இது கொண்டுபோயிடும். அதான் பயந்துட்டேன்."

"நாலு நாளா உள்ள அழுதுட்டு இருந்தேனே, உங்களுக்குக் கேக்கலையாப்பா?"

"கேட்டுது."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அம்மா, உனக்குத் தெரியுமா?"

எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். அவள் கையைப் பிடிக்காமல் அவர் பேசிய அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். பெண் நம்மோடேயே இருக்கட்டும் என்று நானும்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பழியை அவர் சுமந்தார், சுகத்தை நானும் பங்குபோட்டுக்கொண்டேன்.

"தெரியும்" என்றேன்.

அவள் டாக்டரிடம் போய்ச் சாவியை வாங்கினாள். பணம், கையெழுத்தெல்லாம் முடிந்து, எங்களை ஏற்றிக்கொண்டு வீடுவரை அவளே ஓட்டினாள். பின்சீட்டில் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முன்சீட்டில் இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மதியம் அவள் பையை வண்டியில் தூக்கி வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தாள். கோபம் போயிருக்கவில்லை. போயிருந்தால் என் பெண்ணே இல்லை. ஆனாலும் வந்து என் தோளில் ஒரு நிமிஷம் முகத்தை வைத்தாள். அவள் வண்டியில் ஏறியதும் இவர் ஜன்னல் ஓரமாகக் குனிந்தார்.

"வழியில எங்கயாவது நின்னுடுச்சுன்னா உடனே ஃபோன் பண்ணு. நான் வந்துடறேன்."

"நிக்காதுப்பா" என்றாள்.

ஆறு மணி நேரம் நாங்கள் இரண்டு பேரும் ஃபோனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். வண்டி எங்கேயும் நிற்கவில்லை.