சோகைப் பொம்மைக்குப் போட்ட சட்டை

என் பங்காளி முறை அண்ணன் ஒருவருடைய சட்டையை அவர் வேலியிலிருந்து திருடி, ஊரார் கொளுத்தும் கொடும்பாவிக்கு நான் போட்டுவிட்டேன். அதனால் அவர் ஊரைவிட்டுப் போனார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இனி வயதில்லை.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்துச் சாலைகளில் மறியல் நடந்த காலம் அது. உளுந்தூர்பேட்டைச் சாலையில் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தோம். எம்.ஏ. முடித்து வேலையில்லாமல் இருந்த நான்தான் எங்கள் ஊர்ப் பையன்களுக்குப் பேச்சாளன். மழை பொய்த்து ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மாட்டுக்கு வைக்கோல் கிடையாது. பாதிப் பேர் மாட்டை விற்றுவிட்டார்கள். எங்கள் வீட்டில் ஒரு மாடு மிஞ்சியது, அண்ணன் வீட்டில் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பூட்டித்தான் இரண்டு வீட்டு நிலத்தையும் உழுதுகொண்டிருந்தோம்.

மறியல் அன்று அவர் ஒற்றை மாட்டு வண்டியில் எலவனாசூர்கோட்டையிலிருந்து வைக்கோல் ஏற்றிக்கொண்டு வந்தார். நான் வழிமறித்து, நம் பிள்ளைகளின் படிப்பு, வேலை என்று நீளமாகப் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"எல்லாம் சரி தம்பி. இத்த அப்பிடியே மாட்டு காதுல சொல்லு. அது சரின்னா நானும் உன்னாண்ட வந்து குந்திக்கிறேன்."

பையன்கள் சிரித்தார்கள். அவரைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. அவர் வண்டியைத் திருப்பி, காய்ந்த ஏரிக்குள் இறக்கி ஓட்டிக்கொண்டு போனார். அந்தச் சிரிப்புதான் காரணம். வேறு பெரிய காரணம் எதையும் நான் கண்டுபிடித்துச் சொல்ல முடியாது.

சில நாட்களில் கொடும்பாவி இழுக்க ஊரில் முடிவானது. மழையைத் தடுக்கும் பாவி என்று ஒரு பொம்மை கட்டி, தெருத் தெருவாக இழுத்து, பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைக்க, ஏரிக்கரையில் கொளுத்துவார்கள். எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பொம்மைக்குப் போடும் துணி உள்ளூர்த் துணியாக இருக்கக் கூடாது, வெளியூரிலிருந்து கேட்டு வாங்கி வரவேண்டும். ஏன் என்று நான் யோசித்ததே இல்லை. அந்த வருஷம் வைக்கோலுக்கு வழியில்லாமல் கரும்புச் சோகையில், காய்ந்த தோகையில், கட்டினார்கள். துணி கொண்டுவரும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நீலக் கட்டம் போட்ட சட்டை, முதுகில் காக்கித் துணி ஒட்டுப் போட்டது. ஊரில் அதை அறியாதவர் இல்லை. மத்தியானம் அண்ணன் தண்ணீருக்குப் போன நேரத்தில் எடுத்தேன். பொம்மை தெருவுக்கு வந்ததும் சட்டை யாருடையது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பிறகு ஒப்பாரியில் வைக்கோல் வண்டி நுழைந்தது, ஒற்றை மாடு நுழைந்தது. அவர் தன் வாசலில் நின்று, தன் சட்டை புழுதியில் இழுபட்டுப் போவதைப் பார்த்தார்.

ஊர் சிரித்துவிட்டு மறந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் தீ அணைவதற்குள் மேற்கே கல்வராயன் மலைப் பக்கம் கறுத்தது. பொழுது சாய்வதற்குள் மழை அடித்து ஊற்றியது.

அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. கிழவர்கள் ஏரிக்குள் இறங்கிச் சேற்றை உடம்பில் பூசிக்கொண்டார்கள். பெண்கள் பானை, சட்டி எல்லாவற்றையும் தெருவில் வைத்தார்கள். நானும் குதித்தேன், சந்தோஷமாகத்தான் குதித்தேன். அப்போது பக்கத்தில் நின்ற ஒருவர், ஈரத்தை வழித்துவிட்டுக்கொண்டே நிதானமாகச் சொன்னார்:

"பாத்தியா, பாவி யாருன்னு வானமே சொல்லிடுச்சி."

வங்கக் கடலில் புயல் சின்னம் என்று காலையில் வானொலியில் நானே கேட்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. அந்த நிமிஷம் எனக்கே எது உண்மை என்று தெரியவில்லை. இப்போதும் முழுக்கத் தெரியும் என்று சொல்ல மாட்டேன்.

ஈரம் காய்வதற்குள் ஊரே ஏர் பூட்டியது. அண்ணன் தன் மாட்டை ஓட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். அந்த மாட்டோடு நம் மாட்டைப் பூட்டினால் மழை நின்றுவிடும் என்று அப்பா மறுத்துவிட்டார். நான் உள்ளே இருந்தேன், வெளியே வரவில்லை. அவருடைய நிலம் உழாமலே காய்ந்தது. மாட்டைச் சந்தையில் விற்றுவிட்டு, மனைவியோடு கல்வராயன் மலையில் இருக்கும் வெள்ளிமலைக்குப் போய் மரவள்ளி மூட்டை தூக்கினார்.

பின்னால் இட ஒதுக்கீடு வந்தது. அதில்தான் எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. பல வருஷம் தள்ளிப்போட்டு, ஒருநாள் மலைக்குப் போய் அவரிடம் எல்லாம் சொன்னேன். கோபப்படுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று போயிருந்தேன். அவர் குழம்பிப் போய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீதான் எடுத்தியா? சரி. ஆனா மழ பெஞ்சுதே தம்பி? அதுக்கு இன்னா சொல்ற?"

புயல் சின்னத்தைச் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை. என்ன பாவம் செய்தோம் என்று அத்தனை வருஷமும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதில் ஒன்றிரண்டு அகப்பட்டும் இருக்கிறது போல.

அடுத்து வந்த வறட்சியில் மறுபடி பொம்மை கட்டினார்கள். கூட்டத்தின் நடுவே நின்று நடந்ததைச் சொன்னேன். என் சட்டையைக் கழற்றிப் பொம்மைக்கு நானே போட்டேன். இழுத்தார்கள், கொளுத்தினார்கள். ஒரு தூறல்கூட இல்லை.

"நீங்க நல்லவருன்னு ஆயிடுச்சி சார், வுடுங்க" என்றான் ஒருவன். அதைக் கேலி என்று எடுத்துக்கொள்வதா, அவன் உண்மையிலேயே நம்பினானா, தெரியவில்லை. எப்படியானாலும் அண்ணன் மேல் இருந்த பழி இன்னும் கெட்டிப்பட்டதுதான் மிச்சம்.

ஆடி கழிந்து, யாரும் எதுவும் செய்யாமலே மழை வந்தது. அவருக்குச் சொல்லி அனுப்பினேன், வரவில்லை. நானே மாடு பிடித்து, அவருடைய நிலத்தை உழுது கம்பு விதைத்தேன். ஊரில் யாரும் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. விளைந்ததை மூட்டை கட்டி மலைக்குக் கொண்டுபோனேன்.

அவர் கம்பைக் கையில் அள்ளிப் பார்த்தார். வாயில் போட்டு மென்றார். பிறகு ஒரு சாக்கைக் கொண்டுவந்து சரிபாதியை அதில் கொட்டி என் பக்கம் தள்ளினார். வேண்டாம் அண்ணா என்றேன்.

"உழுது வெதச்சவனுக்கு பாதி. அதான வாரம்?" என்றார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார்.

மன்னித்துவிட்டாரா, இல்லை, எனக்கும் தனக்கும் நடுவே பங்குக்கு உழும் வாரக்காரன் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை என்று சொன்னாரா? அதற்குப் பிறகும் அவர் இருந்தவரை நான்தான் அந்த நிலத்தை உழுதேன். பாதியை மலைக்குக் கொண்டுபோவேன். சட்டையைப் பற்றி அவர் ஒருநாளும் பேசவில்லை.

அந்த முதல் தடவை பேருந்தில் மலை இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு மறைப்பு இல்லை. மடியில் இருந்த கம்பு நனையாமல் இருக்க என் சட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.