வார்சிதியின் முக்காடு

கிளாத்தென் சந்தையில் வார்சிதி அக்காவின் பெச்செல் கடைக்கு வழி கேட்டால் அவருடைய கொண்டையைத்தான் அடையாளம் சொல்வோம். வெந்த கீரை மேல் கடலைச் சட்னியை ஊற்றிக் கொடுக்கும்போதும் அது அசையாது. அவ்வளவு கனம், அவ்வளவு இறுக்கம். அக்காவுக்கு அதில் கர்வம் உண்டு. எலிவால் பின்னல்காரியான என்னைப் பார்த்தால், "என்னடி நுனிங், தலையில நூலா தொங்குது?" என்பார்.

அந்த மனுஷி ஒருநாள் முக்காடு போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். சந்தையே மெச்சியது. எங்கள் தெருப் பெண்களின் ஓதல் கூட்டத்தை நடத்தும் ஹாஜி முர்னி அம்மா அவரைக் கட்டிப்பிடித்து, "அல்லா உனக்கு வழி காட்டிட்டான்" என்று கண்கலங்கினார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று நினைத்தோம். அது வெட்கம் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

டைபாய்டில் படுத்து எழுந்த மூன்றாம் மாதம் அக்காவுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியிருக்கிறது. நெற்றியோர முடி வேறு, வருஷக்கணக்காகக் கொண்டையை இழுத்துக் கட்டியதில் முன்பே ஏறிப்போயிருந்தது. கெமிரிக் கொட்டை எண்ணெயும் கற்றாழையும் தடவித் தடவித் தலையணை உறை பாழானதுதான் மிச்சம். அவர் கணவர் கியோனோ அண்ணனுக்கும் வழுக்கைதான். "எங்கப்பா எனக்கு விட்டுட்டுப் போன ஒரே சொத்து" என்று தட்டிக் காட்டிச் சிரிப்பார், ஊரும் சேர்ந்து சிரிக்கும். ஒரு பெண்ணுக்கு அந்தச் சலுகை உண்டா? மண்டை தெரிந்தால் என்ன பாவம் செய்தாளோ என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குப் பயந்து போட்ட முக்காடு அது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டத்தில் ஹாஜி அம்மா, "வார்சிதி, உனக்கு எப்படி மனசு மாறுச்சுன்னு சொல்லும்மா. நாலு பேருக்கு உதவும்" என்றார். அக்கா எழுந்தார். முக்காட்டு நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, செத்துப்போன அம்மா கனவில் வந்து வெள்ளைத் துணியால் தன் தலையை மூடியதாகச் சொன்னார். நாங்கள் எல்லோரும் அழுதோம். நான் விக்கி விக்கி அழுதேன்.

எனக்குக் காரணம் இருந்தது. பிள்ளை பெற்ற நாலாம் மாதம், சீப்பை வைத்தால் முடி கையோடு வந்தது. "புருஷனை எதுத்துப் பேசுற தலை கொட்டத்தான் செய்யும்" என்று மாமியார் தினமும் குத்திக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்து டீ கிளாஸ் கழுவும் இடத்தில் அக்காவைப் பிடித்தேன்.

"அக்கா, எனக்கு முடி கொட்டிக்கிட்டே இருக்கு. உங்களுக்கு எப்பவாவது இப்படி ஆச்சா?"

"எனக்கா? இல்லையே" என்றவர், என் முகத்தைப் பார்க்காமல் கிளாஸைக் கழுவினார்.

அப்போ இது என் பாவம்தான் என்று முடிவு செய்து வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது அக்கா மூச்சிரைக்க வந்து நின்றார். கதவைச் சாத்தினார். முக்காட்டை உருவினார்.

கொண்டை இல்லை. மண்டை முழுக்கப் பள்ளிக்கூடப் பையனுக்குப் போல ஒட்ட வெட்டிய முடி. நெற்றிப் பக்கம் மட்டும் சொட்டை.

"கொட்டுச்சுடி. பாதிக்கு மேல கொட்டுச்சு. மிச்சத்தை நானே வெட்டிக்கிட்டேன். பெரிய காய்ச்சல் வந்தாலும், பிள்ளை பெத்தாலும், சரியா சாப்பிடாம ரத்தம் குறைஞ்சாலும் சில மாசம் கழிச்சு இப்படிக் கொட்டுமாம். சுகாதார நிலையத்து டாக்டரம்மா சொன்னாங்க. பாரு, முளைக்குது. நெத்திப் பக்கம் முளைக்கிறதுதான் சந்தேகம், இழுத்துக் கட்டினதுக்குத் தண்டனை. உனக்கு அதுவும் இல்ல. நீயும் போய்க் காட்டு. பாவமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

எனக்கு நிம்மதியும் கோபமும் ஒன்றாக வந்தன. "அப்போ அந்தக் கனவு?"

"பொய்."

"நான் அதுக்கு அழுதேனேக்கா."

அக்கா அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டார். முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொள்ளவும் தோன்றவில்லை.

"எங்கம்மா இருந்திருந்தா தலையைத் தடவிப் பார்த்துட்டு, 'வளரும் போடி'ன்னு சொல்லியிருப்பா. அவ்வளவுதான் சொல்லியிருப்பா. குழிக்குள்ள கிடக்கிறவளைக் கூட்டிட்டு வந்து சாட்சி சொல்ல வெச்சுட்டேனேடி, நுனிங்" என்றார்.