ஓடாத காருக்கு வந்த சாட்சிகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஜூலை மாதத்தில் ஒரு மதியம் நடந்தது இது. பாலக்காட்டின் கிழக்குக் கோடியில், வாளையாருக்குத் தெற்கே கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. அன்று கணவாய்க் காற்று வழக்கத்தைவிட மூர்க்கமாக வீசியது. தோட்டத்து ஓரத்தில் நின்ற பனை வேரோடு சாய்ந்து கார் ஷெட்டின் மேல் விழுந்தது. உள்ளே என் கார் இருந்தது.

வட்ட முகமும் ஸ்டியரிங்கிலேயே கியரும் கொண்ட ஆரம்ப கால அம்பாசடர் அது. முப்பது வயதுகூட ஆகாத காலத்தில், மலைமேல் உள்ள ஆனைக்கரையில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் வாங்கி மலையிறக்கத்தில் நானே ஓட்டி வந்தேன். கோவையில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்துவந்தேன். ஆனால் கல்லூரிக்கு ஒரு நாளும் அதில் போனதில்லை. வாளையார் சாலையின் லாரிகளுக்கு நடுவே அதைக் கொண்டுபோக மனம் வராது. பஸ்ஸில்தான் போவேன். ஓய்வு பெற்ற பிறகு வாரத்தில் சில நாள் ஒரு தனியார் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போனபோதும் பஸ்தான். ஞாயிற்றுக்கிழமை உறையை நீக்கி, துடைத்து, கேட் வரை ஓட்டிப்போய்த் திரும்ப ஷெட்டில் விடுவேன். மீட்டரில் உள்ள எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பேன்.

மனைவியைத் தொடவிட்டதில்லை. அவள் விவசாயக் குடும்பத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்பே அப்பாவின் டிராக்டரை ஓட்டியவள். "டிராக்டர் பிடிச்ச கை, என் கியரை ஒடிச்சுப்போடும்" என்று விருந்தாளிகள் முன்னால் கேலி செய்திருக்கிறேன். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பனை விழுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஓடி வந்தார். அவருடைய அம்மா களத்தில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகக் கார் கேட்டார். "பேட்டரி போயிருச்சு, ஸ்டார்ட் ஆகாது" என்றேன். பொய். கையும் காலும் மண்ணாக இருந்த அந்த மனிதரை என் கார் சீட்டில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். காய்கறி ஏற்றுகிற ஆட்டோவில் பாயை விரித்து அந்த அம்மாவைக் கொண்டுபோனார்கள். என் மனைவி சமையலறைக் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சரி, பனை விழுந்த கதைக்கு வருகிறேன்.

காரின் கூரை சீட்டோடு ஒட்டிப்போயிருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து சேதத்தை மதிப்பிட ஒரு சர்வேயர் வந்தார். இளைஞர், மலையாளம் கலந்த தமிழ் பேசினார். முழுச் சேதம், சரிசெய்ய முடியாது என்று பார்த்த உடனே சொல்லிவிட்டார். "சாரே, வண்டியை எப்படி உபயோகிச்சீங்க?" என்று கேட்டார். பழைய கார் என்று விலையைக் குறைத்துவிடுவாரோ என்ற பயம் எனக்கு. "உபயோகமா? ரோட்டுக்கே கொண்டுபோனதில்லை. குழந்தை மாதிரி வெச்சிருந்தேன்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பிறகு கம்பெனியிலிருந்து பதில் வந்தது. பாலிசி எடுக்கும்போது, ஓட்டத்தில் உள்ள பழமையான கார் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டு ஒரு மதிப்பு எழுதியிருந்தோம். அதில் கால் பங்குகூட இப்போது தர முடியாதாம். பல வருடமாக ஓடாமல் நின்ற வண்டி என்று உரிமையாளரே சொல்லியிருக்கிறாராம். ஓடாத வண்டிக்கு இரும்பு விலைதான்.

பாலக்காட்டில் அவர்களுடைய ஆபீசுக்குப் போய்ச் சண்டை போட்டேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாரே, ஆக்ரிக்கு, பழைய இரும்புக்குப் போட்டால் இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். வண்டி ஓடியதற்குத் தெளிவு ஏதாவது இருந்தால் கொண்டுவாங்க. சர்வேயரைத் திரும்ப அனுப்புகிறேன்" என்றார். தெளிவு என்றால் மலையாளத்தில் ஆதாரம். ஆதாரத்துக்கு எங்கே போவேன்? ஓடவே இல்லையே! அந்த நல்ல தொகை வந்தால், அதே வயதுள்ள வேறொரு காரைத் தேடிப் பிடித்து வாங்கிவிடலாம் என்று ஆசை வைத்திருந்தேன். அது போயிற்று. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

மனைவி கேட்டாள்: "ஏனுங்க, வண்டி ஓடுச்சுன்னு நாலு பேரு சொன்னாப் போதுங்களா?"

"பொய்ச் சாட்சியா? அதெல்லாம் வேண்டாம்."

"பொய்யுன்னு ஆரு சொன்னா? நீங்க அந்த சர்வேயரை வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சர்வேயர் மறுபடி வந்த நாளில் எங்கள் வாசலில் கல்யாண வீடு போல ஒரு கூட்டம் நின்றது. எல்லாரும் அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள். நான் யாரையும் அழைக்கவில்லை. முதல் ஆளாக முன்னே வந்தவர் அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். எனக்கு உடம்பு கூசியது.

"சார், எங்க அம்மாவுக்கு இடுப்புல கம்பி வெச்சாங்க. அப்பறம் மாசாமாசம் ஆசுபத்திரிக்கு இந்தக் கார்லதானுங்க போய் வந்தது" என்று சர்வேயரிடம் சொன்னவர், என் பக்கம் திரும்பி, "பேட்டரி இல்லாத வண்டிதானுங்க. ஆனாலும் ஜம்முன்னு ஓடும்" என்றார். கூட்டம் சிரித்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அடுத்து ஒரு பெண் செல்போனை நீட்டினாள். அதில், என் காரின் பின்சீட்டில் அவள் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பிரசவம் முடிந்து வீடு திரும்பிய நாளாம். இன்னொருவர் தன் மகளின் கல்யாண வீடியோவைக் காட்டினார். மாலை போட்ட என் கார் கோயில் வாசலில் வந்து நிற்கிறது! படம் எடுத்த தேதிகள் போனிலேயே இருந்தன. கொஞ்ச நாள் முன்பு சீட்டுக்கடியில் வாடிய மல்லிகைச் சரம் கிடந்ததும், பூஜைச் சாமானைக் காரில் வைக்காதே என்று மனைவியைக் கடிந்துகொண்டதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

சர்வேயர் கேட்டார்: "இதெல்லாம் சரி. யார் ஓட்டினது?"

எல்லாரும் ஒரே பக்கம் திரும்பினார்கள்.

"நானுங்க" என்றாள் என் மனைவி. கார் ஓட்டும் லைசென்ஸைக் கையோடு வைத்திருந்தாள். ஸ்கூட்டருக்கு எடுத்தபோதே அதையும் சேர்த்து எடுத்தாளாம்.

"வாடகைக்கா, சேச்சி?"

"காசுக்கு ஓட்டறதுன்னா திருட்டுத்தனமா எதுக்குங்க ஓட்டறேன்? அவங்க பெட்ரோல் ஊத்துவாங்க. முன்னாடி எவ்வளவு இருந்துச்சோ அதே அளவு. ஒரு சொட்டு கூடினாலும் இவருக்குத் தெரிஞ்சு போயிருமுங்க."

நான் பொறுக்க முடியாமல் கத்தினேன்: "சும்மா சொல்றா! நான் வாராவாரம் மீட்டர் பார்க்கிறேன். ஒரு கிலோமீட்டர்கூட ஏறினதில்லை! இந்த வண்டி ஓடவே இல்லை சார்!"

சர்வேயர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "சாரே, நீங்க யார் பக்கம்? கம்பெனி பக்கமா, உங்க பக்கமா?"

வாசலே அதிர்ந்தது. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நீங்க காலேஜுக்குப் பஸ் ஏறினதும், மீட்டருக்குப் போற கேபிளைக் கழட்டிட்டுத்தானுங்க எடுப்பேன். வந்து திரும்ப மாட்டிருவேன். டிராக்டர் பிடிச்ச கையுங்க, இது தெரியாதுங்களா?"

அப்புறம் நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய முடியும்? வயிறு வலிக்கும் வரை சிரித்தேன்.

சர்வேயர் நசுங்கிய காரருகே குனிந்து டயர்களைத் தடவிப் பார்த்தார். நின்றே கிடந்த வண்டி என்றால் டயர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்குமாம். இது உருண்டு தேய்ந்த டயர் என்றார். இன்ஜின் ஆயிலைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். கடைசியில் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். முன்பு நான் சொன்னதைத் திருத்தி எழுதித் தர வேண்டும். 'இந்தக் கார் நல்ல ஓட்டத்தில் இருந்தது. அது எனக்குத் தெரியாது. என் மனைவிக்குத் தெரியும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அத்தனை வருடம் கல்லூரியில் பாடம் நடத்தியதில் இவ்வளவு உண்மையான மூன்று வாக்கியங்களை நான் எழுதியதாக நினைவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவளிடம் கேட்டேன், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா சாவியைக் கொண்டுபோயி பேங்கு லாக்கர்ல வெச்சிருப்பீங்க."

உண்மைதான். அவள் முதன்முதலில் காரை எடுத்தது எப்போது என்று கேட்டேன். அந்த அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்களே, அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாளில் என்றாள். "மறுக்காவும் அந்தப் பாய் வேண்டாமுன்னு தோணுச்சுங்க" என்றாள். என்னைக் குத்திக்காட்டவில்லை.

மறுநாள் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனேன். அந்த அம்மா கோலை ஊன்றிக்கொண்டு கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பேட்டரி நன்றாகத்தான் இருந்தது, நான் பொய் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன்.

"அது தெரியாமயா இருக்கறோம்? அதை உடுங்க சாமி" என்றார் அவர். "இன்சூரன்சுக்காரன் காசு குடுக்கறானா, இல்லீங்களா? எனக்கு அடுத்த மாசம் பல்லுக் கட்டப் போகோணும். வண்டி இல்லாம என்ன பண்றது?"

பணம் வந்தது. பாலிசியில் எழுதிய தொகையில் கொஞ்சம்தான் குறைவு. அதைக் கொண்டு நான் ஆசைப்பட்ட பழைய காரைத் தேடவில்லை. கோவையில் ஒரு சாதாரண செகண்ட் ஹேண்ட் காரை வாங்கினோம், நிறமும் மாடலும் மனைவியின் தேர்வு, ஆர்.சி. புத்தகம் அவள் பெயரில். வாளையார் வழியாக லாரிகளுக்கு நடுவே அவள்தான் வீட்டுக்கு ஓட்டி வந்தாள். நான் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். பல்லுக் கட்டப் போன அன்றைக்கு எனக்குப் பின்சீட்டில்தான் இடம் கிடைத்தது. முன்சீட்டில் அந்த அம்மா ஜன்னலை இறக்கிவிட்டு, வழியில் பார்த்தவர்களை எல்லாம் கூப்பிட்டு நலம் விசாரித்துக்கொண்டே வந்தார். அந்தக் காரில் இப்போது இரண்டு கீறல், ஒரு நசுங்கல், சீட்டில் குழந்தைகள் சிந்திய ஜூஸ் கறை. மீட்டரில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

ஒரு பொருளை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தேன் என்று யாராவது பெருமையாகச் சொல்லும்போது, யாரிடமிருந்து என்று அவரைக் கேட்க நினைப்பேன். ஆனால் அந்தக் கேள்வி இன்றும் முதலில் என் பக்கம்தான் திரும்புகிறது.