ஒரு மிஸ்டு காலில் விழுந்த கம்ப்யூட்டர்

போன வாரம் வியாழக்கிழமை ஒரே ஒரு மிஸ்டு கால் எங்கள் கம்பெனியைக் குப்புறத் தள்ளிவிட்டது. நம்புவீர்களா?

கம்பெனி என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். சிதம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை, மூன்று கம்ப்யூட்டர், நான், என் மச்சான் செல்வம் — மனைவியின் தம்பி. பெங்களூரில் அவனுக்கு ஒரு வேலை தயாராக இருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "இந்த டிரையல் ஓடுச்சின்னா இங்கியே இருக்கேன் மாமா. இல்லன்னா பொட்டிய கட்டிடுவேன்" என்று சொல்லிவிட்டான். அவன் போனால் கம்பெனியை மூட வேண்டியதுதான்.

என்ன டிரையல்? கீரப்பாளையம் பக்கத்து விவசாயிகள் கேட்ட போன் சர்வீஸ். அழைத்தால் கம்ப்யூட்டர் எடுக்கும். உங்கள் வாய்க்காலுக்கான எண்ணை அமுக்கினால், என்றைக்குத் தண்ணீர் வரும் என்று சொல்லும்.

ஒரே சமயத்தில் நூறு பேர் அழைத்தாலும் சமாளிக்க வேண்டுமே... அதற்குத்தான் எர்லாங். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காகவே பிறந்த கம்ப்யூட்டர் மொழி. ஒவ்வொரு அழைப்பையும் தனித்தனியாகக் கவனிக்கும். ஒன்று செத்தால் மற்றதற்குத் தெரியாது. செத்ததையும் எழுப்பி உட்கார வைக்கும். ஆனால் பெரிய கணக்கு கொடுத்தால் கொட்டாவி விடும். அமுக்கிய எண் ஒன்றா இரண்டா என்று அதன் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பது பெரிய கணக்கு. அதற்கு சி மொழி. காற்றாய்ப் பறக்கும் — தப்பு வந்தால் அப்படியே விழும்.

இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? சி-யைத் தனியாக ஓடவிட்டு, எர்லாங் கேட்டுக் கேட்டுப் பதில் வாங்கலாம். அல்லது எர்லாங்கின் வயிற்றுக்குள்ளேயே சி-யை வைத்துவிடலாம். இதில் வேகம் அதிகம். ஆபத்தும்தான். கல்யாணச் சமையலுக்குக் கொல்லையில் தனிக் கொட்டகை போடாமல், மணமேடைக்குப் பக்கத்திலேயே அடுப்பு மூட்டுகிற மாதிரி.

செல்வம் சி-க்காரன். "உள்ளயே வெச்சிடலாம் மாமா, வேகம் ஜாஸ்தி. நான் எழுதுனது வுழாது" என்றான். எனக்கு உறுத்தியது. ஆனாலும் தலையாட்டினேன். மச்சானிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட முடியுமா?

வியாழன் காலை, விவசாயிகள் சார்பில் எங்களிடம் இந்த வேலையைக் கொடுத்த ராணி அக்கா ஊர் முழுக்க நம்பரைச் சொல்லிவிட்டார். நாங்கள் அறையில் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து அழைப்பு, இருபது அழைப்பு... அழகாக ஓடியது. திடீரென்று அத்தனை பேருக்கும் லைன் கட். மறுபடி ஓடவிட்டோம். மறுபடி படுத்தது.

ராணி அக்காவுக்குப் போன் போட்டேன். "என்னாக்கா பண்றாங்க அங்க?"

"என்னாத்த பண்றாங்க... மிஸ்டு கால் குடுக்குறாங்க. நீங்க திருப்பிக் கூப்புடுவீங்கன்னு பாத்தா, ஒங்க மிஷினு ஒடனே எடுத்துடுது. காசு போயிடுமேன்னு பதறிப்போயி கட் பண்றாங்க."

செல்வம் சட்டென்று கீபோர்டை இழுத்து, தான் எழுதியதைத் திறந்து பார்த்தான். எடுத்த நொடியில் வைத்துவிட்டால் சத்தமே வராது. வராத சத்தத்துக்குச் சராசரி பார்க்கப் போய், பூஜ்யத்தால் வகுத்திருக்கிறது அவன் புரோகிராம். தான் விழுந்ததோடு விட்டதா? தன்னை வயிற்றில் வைத்திருந்த எர்லாங்கையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டது.

இத்தனைக்கும் அவன், தெருமுனைக்கு வந்ததுமே தன் அக்காவுக்கு, அதாவது என் மனைவிக்கு, மிஸ்டு கால் கொடுத்துக் கதவைத் திறக்கச் சொல்கிற ஆள். நானோ பஸ் ஏறியதும் ஒன்று, இறங்கியதும் ஒன்று. எல்லா டெஸ்டும் செய்தோம்... இதை மட்டும் செய்யவில்லை!

"வுழாதுன்னு சொன்னேனே மாமா..." என்றான் அவன். எனக்குக் கோபம் வந்தது — அவன் மேல் அல்ல, தலையாட்டிய என் மேல்.

"வுழட்டும்டா மச்சான். தூக்கி வுடத்தான் எர்லாங் இருக்கே. வெளிய எடுத்து வெய்யி."

வைத்தோம். அழைப்புக்கு ஒரு சி, தனித்தனியாக. கூடவே மிஷினுக்குக் கொஞ்சம் ஊர் வழக்கமும் சொல்லிக்கொடுத்தோம்: நாலு ரிங் பொறு, அதற்குள் வைத்துவிட்டால், நீயே திருப்பிக் கூப்பிடு.

திங்கட்கிழமை மறுபடி டிரையல். யாரோ மோட்டார் கொட்டகைக்குள் நின்று அழைத்தார் போல... அந்த இரைச்சலில் ஒரு சி விழுந்தது. செல்வம் எழுந்தே நின்றுவிட்டான். எர்லாங் அதை எழுப்பி உட்கார வைத்தது. மற்ற ஒருவருக்கும் லைன் கட் ஆகவில்லை. விழவே விழாது என்று எழுதிய நாளைவிட, விழுந்தும் ஓடிய அன்றுதான் அவன் நன்றாகச் சிரித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ராணி அக்கா கூப்பிட்டார். "இப்பதான் தம்பி மனுசங்க மாதிரி நடந்துக்குது!"

சாயங்காலம் செல்வத்தின் போன் அடித்தது. பெங்களூர். பார்த்தான், அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டான்.

"மிஸ்டு கால்டா... திருப்பிக் கூப்புடலியா?" என்றேன்.

"நம்ம மிஷினுதான் மாமா திருப்பிக் கூப்புடும். நான் இல்ல."